பாலாற்றங்கரை முதல் ஜவ்வாது மலை வரை: கண்ணாடி இறக்கைப் பூச்சியின் தடத்தில்

முதல் நாள்: விரிஞ்சிபுரம்

'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. மார்க்கபந்தீசுவரர் கோயில் மதிலைப் பார்த்துவிட்டு அப்படியே பாலாற்றுப் பக்கம் இறங்கினால் மொச்சையும் மல்லாட்டையும் நிற்கும். தை மாதப் பனியில் மொச்சைக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கும். அசுவினியைத் தின்னும் புழுவுக்குத் தாயான பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை (லேஸ்விங்) தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது அந்த அசுவினியைத்தான். இரை இருக்கும் கொழுந்துக்கு அருகில்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும்.

காலை 7 மணிக்கு மேல், பனி உலர்வதற்குள் பார்ப்பது நல்லது. அப்போது பூச்சி இலைக்கு அடியில் அசையாமல் இருக்கும். வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும், கலைத்தால்தான் பறக்கும். பறப்பதும் தயங்கித் தயங்கி, காற்றில் மிதக்கும் சருகு மாதிரி இருக்கும்.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், துணி வலை, மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருபது, மெல்லிய தூரிகை ஒன்று, பென்சில், துண்டுக் காகிதம். பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஆல்கஹால் பட்டால் அதன் எழுத்து கரைந்துவிடும்.

முட்டையைப் பார்த்ததும் தெரியும். இலையிலிருந்து மயிரிழை போன்ற காம்பு ஒன்று எழுந்து நிற்கும், அதன் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீள்வட்ட முட்டை. தாய்ப்பூச்சி வயிற்று நுனியை இலையில் அழுத்தி ஒரு துளி திரவம் வைக்கும். பிறகு வயிற்றை மேலே தூக்கும். திரவம் நூலாக இழுபட்டுச் சில நொடியில் இறுகிவிடும். அதன் தலையில் முட்டை உட்காரும். எறும்பும், முன்னால் பொரித்த உடன்பிறப்பும் எளிதில் எட்டாமல் இருக்க இது உதவுகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் இந்த முட்டைகளை உதும்பரப் பூ என்று நம்பியவர்கள் உண்டு. உதும்பரம் என்பது நம்ம அத்தி. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்கிறோமே, அந்த அரிய பூவைத்தான் அவர்கள் இந்த முட்டையில் கண்டார்கள்.

இங்கே வயல்காட்டுக்காரர்கள் கேட்பது வேறு: "இன்னாது இது, இலைல பூஞ்சணம் புடிச்சிகீது?" பூஞ்சணம் என்று நினைத்து மருந்தடித்தால் அசுவினியைத் தின்னும் இந்தப் பூச்சிக்கே கேடு. லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டுவதை விட நல்ல விளக்கம் இல்லை.

முட்டையின் நிறமே வயதைச் சொல்லும். இட்டது பச்சை. பொரிக்கும் முன் சாம்பல் நிறமாகி உள்ளே கோடுகள் தெரியும். பொரித்த பின் வெள்ளைத் தோல். முழுக் கறுப்பாக இருந்தால் டெலினோமஸ் என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்கிறது என்று சந்தேகிக்கலாம். குளவி வெளியேறினால் ஒழுங்கில்லாத ஓட்டை இருக்கும், புழு வெளியேறினால் பிளவு இருக்கும்.

இன்று குப்பியில் எடுத்தவை: சாம்பல் நிறமான முட்டை 6, முதிர்ந்த புழு 4, பூச்சி 3. புழுவை ஒரு குப்பிக்கு ஒன்றாக மட்டும் போட வேண்டும். இரண்டைப் போட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும்.

இரண்டாம் நாள்: இலவம்பாடி

முள் கத்தரிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கத்தரி இலையில் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி எல்லாம் வரும். அதனால் இவற்றைத் தின்ன வருவனவும் பல வகை. இனம் பிரித்துப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

போகும் முன் நேற்றைய குப்பி. விடியற்காலையில் ஒரு முட்டை பொரிந்தது. தலையில் உள்ள சின்ன முள்ளால் புழு ஓட்டைக் கீறுகிறது. முதலில் தலை, பிறகு கால்கள். முழுதும் வந்ததும் ஓட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. தோல் இறுகி நிறம் ஏறும் வரை இறங்குவதில்லை. அதற்குப் பின் தலைகீழாகக் காம்பைப் பிடித்து இறங்குகிறது. கால் நகங்களுக்கு நடுவில் ஊதுகுழல் வடிவில் ஒரு ஒட்டும் திண்டு உண்டு. அது இருப்பதால்தான் மயிரிழையிலும் வழுக்காமல் நடக்க முடிகிறது. இறங்கி, தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே போகும். கண்ணால் இரையைத் தேடுவதில்லை. தாடை தொட்டால்தான் அசுவினி இருப்பது தெரியும்.

தொட்டவுடன் குத்தும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய். அதன் வழியே செரிக்கும் நீரை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். அசுவினியைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி உறிஞ்சுவதை லென்ஸில் பார்க்கலாம். உடல் சுருங்கிச் சுருங்கி வெறும் தோலாகிறது. புழுவின் நடுக்குடல் பின்குடலோடு திறந்து சேர்வதில்லை. அதனால் புழுப் பருவம் முழுக்கக் கழிவே வெளியேறாது. தேங்கியதெல்லாம் பூச்சியான பின் ஒரு கறுத்த உருண்டையாக விழும்.

இனி பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு. நம் வயல்களில் கிடைக்கும் பேரினங்களில் ஒன்று கிரைசோபெர்லா. 'பச்சையாக இருந்தது, அதனால் கிரைசோபெர்லா' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. பச்சை நிறம் இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குப் பொது. பேரினத்தைச் சொல்ல மூன்று சாட்சி வேண்டும்: இறக்கை நரம்பு, முகம், புழு.

இறக்கை நரம்பு பார்க்கும் வழி இது. பூச்சியைக் குப்பியோடு குளிர்பெட்டியில் 2, 3 நிமிடம் வைத்தால் அசைவு அடங்கும். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். ஓய்வில் நான்கு இறக்கையும் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால் அடி இறக்கையின் நரம்பும் சேர்ந்து தெரிந்து குழப்பும். ஒரு முன் இறக்கையைத் தூரிகையால் ஒதுக்கி, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கையின் அடிப்பகுதியில், நடு அகலத்தில், சின்ன முட்டை வடிவ அறை ஒன்று மூடிய கட்டமாகத் தெரியும். அதற்கு மேலே ஓடும் ஆர நரம்புக் கிளையிலிருந்து முதல் குறுக்கு நரம்பு சரிந்து இறங்கும். அது அந்தச் சின்ன அறையின் கூரையைத் தொடுகிறதா, அல்லது அறை முடிந்த இடத்துக்கு அப்பால் விழுகிறதா என்பதே கேள்வி. அப்பால் விழுந்தால் கிரைசோபெர்லா பக்கம். கூரையைத் தொட்டால் மல்லாடா, அபெர்டோகிரைசா போன்றவற்றின் பக்கம். இரண்டு முன் இறக்கையையும் பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம். ஒரு இறக்கையில் மட்டும் நரம்பு பிசகியிருக்கும் பூச்சிகள் அடிக்கடி கிடைக்கும்.

முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கவும். நம் வயல்களில் கிடைக்கும் கிரைசோபெர்லாவுக்குக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு கருங்கோடு, மேலுதட்டுக்கு மேலே இருபுறமும் இன்னொரு கோடு. முதுகில் தலை முதல் வயிறு வரை மங்கிய மஞ்சள் பட்டை. அந்த மஞ்சள் பட்டையை மட்டும் நம்பக் கூடாது, வேறு பேரினங்களிலும் அது உண்டு.

புழுதான் மூன்றாவது சாட்சி, சொல்லப்போனால் வயலில் நிற்கிறவருக்கு முதல் சாட்சி. கிரைசோபெர்லா புழு வெறும் முதுகோடு திரியும். இரு முனையும் ஒடுங்கிய உடல், பழுப்பும் வெளிர்நிறமுமாகக் கோடுகள், தலை மேல் பின்னோக்கி விரியும் இரண்டு கரும்பட்டை. முதுகில் குப்பை இருந்தால் அது கிரைசோபெர்லா இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு வேளாண் நூல்களில் நெடுங்காலம் இது 'கிரைசோபெர்லா கார்னியா' என்றே இருந்தது. கார்னியா என்பது ஐரோப்பாவிலிருந்து 1836-ல் பெயரிடப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பல சிற்றினங்கள் அந்த ஒரே பெயரில் பதுங்கியிருந்தன. பிரித்துக் காட்டியது பாட்டு. ஆணும் பெண்ணும் வயிற்றை மேலும் கீழும் அதிர வைக்கும். வயிறு இலையைத் தொடுவதில்லை, அதிர்வு கால் வழியே இலைக்குப் போகும், மற்றது பதில் அதிர்வு கொடுக்கும். அந்தத் தாளம் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் வேறு. தாளம் பொருந்தாவிட்டால் இணை சேராது. பாட்டைப் பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் வந்தது. இந்திய வயல்களில் முக்கியமானது கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி என்று அது நிலைநாட்டியது. இன்னமும் விற்பனைத் தாள்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் கார்னியா என்று அச்சடிப்பது தவறு, அதை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள்: குடியாத்தம்

வழியில் கரும்பு. இங்கே சுருக்கமாக: கரும்பு இலையின் வெண்பஞ்சு அசுவினி நடுவே தெரியும் பழுப்புப் பூச்சி வேறு குடும்பம், ஹெமரோபிடே. அதில் மைக்ரோமஸ் இகோரோட்டஸ் பேர் பெற்றது. அதன் முட்டைக்குக் காம்பு கிடையாது, புழுவின் ஊதுகுழல் திண்டு முதல் பருவத்தோடு போய்விடும். இந்த இரண்டும் போதும் பிரிக்க.

தென்னந்தோப்பில் அதிக நேரம் தேவை. சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று பாலாற்றுத் தோப்புகளிலும் கீழ் மட்டைகளில் வெள்ளை மெழுகும், அதன் கீழே உள்ள மட்டைகளில் கரும்பூசணப் படலமுமாகத் தெரிகிறது. ஓலையைத் திருப்பினால் சுருள் சுருளாக முட்டை. அதன் நடுவே பஞ்சுத் துணுக்கு ஒன்று நகர்ந்தால், அதைத்தான் தேடி வந்தோம்.

அது அபெர்டோகிரைசா ஆஸ்டர் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கட்டுரைகளில் மல்லாடா, டைகோகிரைசா என்ற பெயர்களில் வருவதும் இதுவே. கூன் விழுந்த உடல், பக்கங்களில் நீண்ட மயிர் உள்ள முடிச்சுகள், முதுகில் கொக்கி மயிர். வெள்ளை ஈயின் தோல், மெழுகு, உறிஞ்சிய சக்கை எல்லாவற்றையும் அந்தக் கொக்கியில் மாட்டிச் சுமக்கும். ஈரத் தூரிகையால் மூட்டையைத் தள்ளிவிட்டுச் சும்மா பார்க்கவும். புழு சிறிது நேரம் அசையாது. பிறகு தலையை நீட்டி, தாடையால் ஒரு மெழுகுத் துணுக்கைக் கவ்வி, தலையைப் பின்னுக்கு வளைத்து, முதுகில் வைத்து அழுத்தும். அடுத்தது. பிறகு அடுத்தது. இடையில் அசுவினியோ வெள்ளை ஈயோ தட்டுப்பட்டாலும் பாதி நேரம் மூட்டைதான் முதல் வேலை. மறைவு இல்லாமல் எறும்பு நடுவே போக முடியாது என்பது அதற்குத் தெரிந்தது போலவே நடந்துகொள்ளும்.

இதே தோப்பிலும் பக்கத்துக் கொய்யாவிலும் தவறாக எடுக்கப்படுவது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. அதுவும் வெள்ளையாக, மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் அந்த மெழுகு அதன் உடம்பிலேயே சுரப்பது, தூரிகையால் தள்ளினால் மூட்டையாக உதிராது. முன்பக்கம் அரிவாள் தாடையும் நீட்டிக்கொண்டிருக்காது.

தோப்புக்காரர்கள் கேட்பது மருந்து. இந்தப் புழு இருக்கும் மட்டையில் பூச்சிக்கொல்லி அடித்தால் அதோடு வெள்ளை ஈயின் ஒட்டுண்ணியான என்கார்சியா குளவியும் போகும், வெள்ளை ஈ மட்டும் முதலில் திரும்பி வரும். அழுத்தமான தண்ணீர் பீய்ச்சல், மஞ்சள் ஒட்டுப்பொறி, கரும்பூசணத்துக்கு மைதா மாவுப் பசை லிட்டருக்கு 25 கிராம், இவ்வளவோடு நிறுத்துவது நல்லது. பசை தெளிப்பதைப் புழு நிறைய இருக்கும் ஓலையில் தவிர்க்கவும், அவை ஒட்டிக்கொள்ளும்.

விரிஞ்சிபுரத்துப் புழு நான்கில் மூன்று இன்று கூடு கட்டின. பட்டு வாயிலிருந்து வருவதில்லை, பின்புறத்திலிருந்து வரும். கழிவு பிரிக்கும் உறுப்பான மால்பிஜியன் குழாய்கள்தான் அதைச் சுரக்கின்றன. வயிற்று நுனியைக் கைவிரல் போல வளைத்து நெய்யும். 3, 4 மில்லிமீட்டர் வெள்ளை உருண்டை. நான்காவது செத்தது. குப்பியின் உள்சுவரில் வியர்த்த தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈர இலையைத் துடைக்காமல் போட்டதன் விளைவு. இலையை உலர்த்திப் போட்டு, மூடிக்குப் பதில் பஞ்சு அடைத்தால் இது நடக்காது.

நான்காம் நாள்: அமிர்தி

வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் காடு தொடங்கிவிடுகிறது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சியைப் பிடித்து வெளியே எடுக்கக் கூடாது. படம் மட்டும் போதும். ஒரு பூச்சிக்கு நான்கு படம்: முகம் நேராக, முகம் பக்கவாட்டில், மார்பின் மேல்புறம், முன் இறக்கை தட்டையாக. இதில் முகப்படம் இல்லாத தொகுப்பால் பயன் குறைவு.

காட்டு ஓரத்தில் அகன்ற இறக்கையில் கரும்புள்ளிகளோடு ஒன்று தெரிந்தால் அது அங்கிலோப்டெரிக்ஸ் என்ற பேரினம். உணர்கொம்பு முன் இறக்கையை விடக் குட்டை, இறக்கையின் முன்விளிம்புப் பட்டை அடியில் நன்றாக அகன்றிருக்கும். அதில் எட்டுப் புள்ளி என்று பொருள்படும் ஆக்டோபங்டேட்டா சிற்றினம், 1793-ல் ஃபாப்ரீஷியஸ் பெயரிட்டது. பெரிய உடல், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம் என்றால் இட்டாலோகிரைசாவை நினைக்க வேண்டும். அந்தப் பேரினத்தில் புழு எறும்புக் கூட்டுக்குள் வளர்வது தெரிந்திருக்கிறது.

மணலில் சின்னக் குழி பறித்து அடியில் காத்திருக்கும் குழியானை இதே வரிசையைச் சேர்ந்த உறவுதான். அதன் தாடையில் பல் இருக்கும், நம் புழுவின் தாடை வழவழப்பான அரிவாள்.

அந்தி சாய்ந்ததும் வௌவால் இறங்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முன் இறக்கை அடியில், ஆர நரம்பு சற்று வீங்கிய இடத்தில் காது இருக்கிறது. வௌவாலின் மீயொலி கேட்டால் பறப்பதை நிறுத்தி இறக்கையை மடக்கிக் கீழே விழும். இரவில் திடீரென்று நேராக விழுந்த பூச்சி செத்துவிட்டது என்று தூக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள்: ஜமுனாமரத்தூர்

மலை மேல் சாமை அறுவடை முடிந்த காடுகள், புளி, பலா. குளிர் கூடுதல், அசுவினி குறைவு, முட்டையும் குறைவு. பீமன் மடவு போகும் வழியில் அவரைப் பந்தல்களில் மட்டும் காம்பு முட்டை கண்டோம். புழுவில் குப்பை சுமந்தது 5, வெறும் முதுகு 1.

இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தால் பெரும்பாலான பேரினங்கள் தேடி வரும். ஆனால் காவலூர் பக்கம் அதைச் செய்ய வேண்டாம். 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி இருட்டை நம்பி வேலை செய்கிறது. அங்கே கைவிளக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து இலைக்கு அடியில் தேடுவதே முறை.

அனுமதியோடு சேகரிப்பவர்களுக்கு: ஆல்கஹாலில் போட்டால் பச்சை மங்கி மஞ்சளாகும், இறக்கை சுருளும். உலர்ந்ததாக, இறக்கை விரித்து ஊசியில் குத்தி வைப்பதே நரம்பு பார்க்க உதவும். சந்தேகம் தீராத ஆண் பூச்சிக்கு வயிற்று நுனியை வெட்டி 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊற வைக்கவும். அவசரத்துக்கு வெந்நீர்த் தட்டில் சூடாக்கலாம், ஆனால் கூடுதலாக வெந்தால் எல்லாம் கண்ணாடியாகி ஒன்றும் தெரியாது. கழுவி, கிளிசரினில் வைத்துப் பார்க்க வேண்டும். கிரைசோபெர்லா ஆணின் இனப்பெருக்க உறுப்பில் வில் போல வளைந்த டிக்னம் என்ற பகுதி இருக்கும், கோனாப்சிஸ் என்ற தகடு இருக்காது. கடைசி இரண்டு அடித்தகடுகளும் ஒன்றாய்ச் சேர்ந்து, நுனி உதடு போலத் துருத்தியிருக்கும்.

பதின்மூன்றாம் நாள்: வேலூர், வீட்டுக் குப்பிகள்

விரிஞ்சிபுரத்துக் கூடுகளில் இரண்டு இன்று திறந்தன. உள்ளே இருந்த கூட்டுப்புழுவே தன் தாடையால் வட்டமாக அறுத்து, மூடி போலத் தள்ளி, வெளியே நடந்து வருகிறது. பிறகுதான் தோலுரித்துப் பூச்சியாகிறது. ஏறிப் பிடிக்கக் குச்சி ஒன்று குப்பியில் இல்லாவிட்டால் இறக்கை விரியாமல் கசங்கிப்போகும். ஒன்றுக்குக் குச்சி நழுவிவிட்டது, அதன் இடது இறக்கை மடிந்தே காய்ந்தது. நரம்பு பார்க்க வலது இறக்கை மட்டும் மிச்சம்.

கன்னக்கோடு முதல் நாளில் மங்கலாகவே இருக்கும். ஒரு நாள் விட்டுப் படம் எடுக்கவும். பூச்சியான பின் இந்தப் பேரினம் வேட்டையாடாது. தேன், மகரந்தம், அசுவினி விடும் தேன்பால் இவையே உணவு. வளர்ப்பகங்களில் ஆமணக்கு மகரந்தமும், தேன், ஈஸ்ட், புரோட்டினெக்ஸ் கலவையும் வைப்பார்கள். புழுவுக்குக் கார்சிரா அந்துப்பூச்சியின் முட்டை. வீட்டில் பஞ்சில் தேன்தண்ணீர் போதும், சொட்டாமல் பிழிந்து வைக்க வேண்டும்.

சீட்டு எழுதியாகிவிட்டது: வேலூர் மாவட்டம், விரிஞ்சிபுரம், பாலாற்றங்கரை, மொச்சைக் கொழுந்து, கறுப்பு அசுவினி, புழுவாக எடுத்தது, குப்பியில் வளர்த்தது. குறுக்கு நரம்பு அறைக்கு அப்பால், கன்னத்தில் கருங்கோடு, வெறும் முதுகுப் புழு. கிரைசோபெர்லா. மூன்றாவது கூடு இன்னும் திறக்கவில்லை.